போகும்போது இறக்கம்

விமானச் சீட்டில் புறப்படும் நேரம் ஒன்பது நாற்பது என்றும், போய்ச் சேரும் நேரம் பதினொன்று பத்து என்றும் போட்டிருந்தது. டைல்ஸ் மேஸ்திரி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தான். ஒன்றரை மணி நேரம். சந்தேகத்துக்கு விரல்விட்டு இன்னொரு தடவை கழித்தான். அப்போதும் ஒன்றரைதான் வந்தது. குளியலறைச் சுவரை ஒரு பார்வை பார்த்து எத்தனை பெட்டி டைல்ஸ் வேண்டும் என்று நின்ற இடத்திலேயே சொல்கிறவன் அவன். வேலை முடிந்ததும் மிச்சத்தை எண்ணிப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். தன் கணக்கு தப்பலாம் என்ற நினைப்பே அவனுக்கு வந்து பழக்கமில்லை.

"அதெப்படி மாப்ள?" என்றார் அக்கா புருஷன். லாரி ஓட்டுகிறவர். சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நீ இங்க வரும்போது எவ்வளவு நேரமாச்சு?"

"ஆறரை மணி நேரம் மாமா."

அதுவும் சீட்டைப் பார்த்துக் கழித்ததுதான். வரும்போது அவன் விழித்திருக்கவே இல்லை. ஓர் ஆஸ்பத்திரியின் தரையை இரவு பகலாக முடித்துக் கொடுத்துவிட்டு, நகக்கண்ணில் சிமெண்ட் காய்ந்தபடியே ஏறி உட்கார்ந்தவன், பெல்ட்டை மாட்டிய கையோடு தூங்கிப்போனான். தோளைத் தட்டி எழுப்பித்தான் இறக்கிவிட்டார்கள். பதினோரு வருடம் முன்னால் வேலைக்குப் போனபோது பஸ் மாறிப் பஸ் ஏறித் தரைவழியாகப் போனவன். விமானம் என்பது அவனுக்கு அந்த ஒரு தூக்கம்தான்.

"வர ஆறரை, போக ஒன்றரையா? தூரம் ஒன்னுதானேய்யா? லோடு இறக்கிட்டுக் காலி வண்டியா வந்தாக்கூட அவ்வளவு வித்தியாசம் காட்டாதே."

"மாமா, நீங்க ஓட்டுறது லாரி. இது ஆகாயத்துல போறது. இங்க வரும்போது எதிர்காத்து, ஏத்தம். போகும்போது காத்து பின்னாலேருந்து தள்ளும். இறக்கம்."

"ஆகாயத்துல ஏதுடா ஏத்தமும் இறக்கமும்?"

"பூமி உருண்டைங்க. நீங்க ஸ்டியரிங்கைப் புடிங்க, இதை என்கிட்ட விடுங்க."

அக்கா சிரித்துவிட்டாள். மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டுப் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மேஸ்திரி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா வீட்டுக்குப் போன் போடுமுன் அவன் தவறாமல் ஒரு கூட்டல் போடுவான். தன் ஊர் மணியோடு இரண்டரையைக் கூட்டினால் அம்மா ஊர் மணி. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பாளா, விழித்திருப்பாளா என்று பார்த்துத்தான் கூப்பிடுவான். பதினோரு வருடமாகக் கூட்டிய அந்த இரண்டரை, கையில் சீட்டைப் பிடித்திருந்தபோது பக்கத்திலேயே வரவில்லை. சீட்டில் அச்சடித்த இரண்டு நேரமும் இரண்டு ஊர்க் கடிகாரத்தில் ஓடுகிறவை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் யாரையும் கேட்கவில்லை.

அக்கா வீடு ஒரே அறை. நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் அக்காவும் மாமாவும். அந்தப் பக்கம் அடுப்பும் பாத்திரங்களும் அம்மாவும். தான் தரை பதித்த வீடுகளில் நாய்க்கே அதைவிடப் பெரிய இடம் ஒதுக்கியிருந்ததை அவன் பார்த்திருக்கிறான். இப்போதுதான் அம்மாவைக் கூட்டிப்போக அவனுக்கு வழி பிறந்திருந்தது.

அம்மா சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு.

"என் துணிய நானே அலசிப் போட்டுக்கிற வரைக்கும் உன் வீட்டுல இருப்பேன். என் வேலைய என்னால பாத்துக்க முடியலன்னு ஆச்சுன்னா, ஒரு பேச்சுப் பேசாம என்னைக் கொண்டாந்து உங்கக்காகிட்ட விட்டுடணும். பெத்த மகளுக்கு என் அழுக்கைக் காட்டலாம். வந்த மருமகளுக்குக் காட்ட மாட்டேன்."

"சரிம்மா சரிம்மா" என்றான் அவன். அதெல்லாம் எங்கே வரப்போகிறது என்ற தைரியம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா அவனைப் பலகைக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டு ஒரு காகிதப் பையைக் கையில் திணித்தாள். பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் டயப்பர்.

"அம்மாவுக்கு முன்ன மாதிரி இல்லடா தம்பி. ரெண்டு மணி நேரம் தாங்கும். மிஞ்சிப்போனா மூணு. பஸ்ஸுன்னா நானே டிரைவர்கிட்ட சண்டை போட்டு நிறுத்திடுவேன். விமானத்தை யாரு நிறுத்துவா?"

"என்னக்கா இது? குழந்தைக்குக் கட்டுற மாதிரி எங்கம்மாவுக்குக் கட்டிக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா? அங்க பையெல்லாம் மிஷின்ல விட்டுப் பாப்பாங்க. நாலு பேர் பாக்க எனக்கு மானம் போயிடும்."

"உனக்கா, அம்மாவுக்கா?"

அம்மா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "குடுடா இப்படி. கட்டிக்கிட்டா என்ன கெட்டுப்போச்சு? உள்ள கெடக்கிறத யாரு வந்து பாக்கப்போறா?" என்று கையை நீட்டினாள்.

மேஸ்திரி கொடுக்கவில்லை. பையை அலமாரிக்கு மேலே வீசினான். "ஒன்றரை மணி நேரம்மா! ஏறி உக்காந்து நிமிர்றதுக்குள்ள எறங்கிடுவோம். அதுக்குப்போய் இந்தக் கூத்தா?"

அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "விடுடி. அவன் நாலு எடம் பாத்தவன். ஒன்றரை மணி நேரந்தானே, நான் அடக்காததா?"

அது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் சித்தாள் வேலை பார்த்தவள். தலையில் சாந்துச் சட்டியோடு சாரமேறிச் சாரமிறங்கியவள். கட்டட வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. கட்டி முடிக்கிறவரை அந்தக் கட்டடத்தில் கழிப்பறை இருக்காது. கழிப்பறை வந்த அன்று அவர்களுக்கு அங்கே வேலை இருக்காது. அதனால் சித்தாட்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. விடிந்ததிலிருந்து வேலை முடிகிறவரை தண்ணீர் குடிப்பதில்லை. வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவார்கள். சிமெண்ட் குழைக்கத் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். அதில் ஒரு சொட்டு உள்ளே போகாது. அப்படி அடக்கி அடக்கித்தான் அம்மாவின் உடம்பு இந்தக் கதிக்கு வந்தது என்று அக்காவிடம் டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அதைத் தம்பியிடமும் போனில் சொல்லியிருந்தாள். அவன் அப்போது ஒரு மாடி வீட்டுக் குளியலறையில் மண்டிபோட்டு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். "சரிக்கா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான்.

அம்மா காலையில் இருட்டோடு எழுந்து வீட்டில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததுதான். விமான நிலையத்தில் ஒரு வரிசை முடிந்தால் இன்னொரு வரிசை. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், மாட்டச் சொன்னார்கள். கடைசிக் கூடத்தில் அம்மா அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, அந்தா பொம்பள படம் போட்டிருக்கே, அதுதானே? ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன்."

"கூப்பிட்டுட்டாங்கம்மா. வரிசைய விட்டா நம்மள விட்டுட்டுப் போயிடுவான். உள்ள போய்ப் பாத்துக்கலாம்."

வரிசை அப்போது நகரக்கூட ஆரம்பிக்கவில்லை. ஆனால் முன்னால் நிற்பவர்கள் எல்லாம் பழகியவர்கள் மாதிரி நின்றார்கள். தான் மட்டும் விலகிப் போய் எதையாவது தவறவிட்டுப் பட்டிக்காட்டான் பட்டம் வாங்க அவன் தயாராக இல்லை.

ஜன்னலோரத்தை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நடுவில் அவன் உட்கார்ந்தான். நடைபாதை ஓரம் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். காது அடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்ததால் அம்மாவின் இரண்டு காதிலும் பஞ்சு வைத்து அழுத்தியிருந்தான். தரை விட்டு எழும்பும்போது அம்மா அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். சட்டி தூக்கிய கை. இரும்பு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக் கீழே பார்த்தாள்.

"யாத்தே, எம்புட்டு வீடு! எவ எவ தலையில ஏறிப் போச்சோ இம்புட்டும்."

காதில் பஞ்சு இருந்ததால் கத்தித்தான் பேசினாள். கோட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மேஸ்திரி, "மெதுவாம்மா" என்று கையைக் காட்டினான்.

பதினோரு மணிக்கு அவன் சட்டையை நீவிவிட்டு இறங்கத் தயாரானான். பதினொன்று பத்து ஆனது. ஜன்னலில் வெறும் மேகம். பதினொன்றரை ஆனது. கீழே இடம் இல்லாமல் வட்டமடிக்கிறான் போலிருக்கிறது, குவாரி வாசலில் லாரி நிற்கிற மாதிரி, என்று தானே ஒரு சமாதானம் செய்துகொண்டான்.

"தம்பி, எறங்கப் போறோமா?"

"இதோம்மா."

அம்மா இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து மறுபடி அவன் தோளைத் தொட்டாள். இந்த முறை கத்தவில்லை. அவன் காதருகில் வந்து, "உள்ள எங்கயோ இருக்குன்னியே, எங்க?" என்றாள்.

கோட்டுக்காரர் முன் சீட்டுப் பலகையை இறக்கி, கம்ப்யூட்டரை விரித்து, பக்கத்தில் காப்பியும் வைத்திருந்தார். அவரை எழுப்ப வேண்டும். அதெல்லாம் மூட வேண்டும். பிறகு அந்தக் கதவு எப்படித் திறக்கும், எப்படிப் பூட்டும் என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அவனுக்கே தெரியாது. வெளியே நின்று இத்தனை பேர் பார்க்க அவன் கதவைத் தள்ளி இழுத்துப் பார்க்க வேண்டும்.

"இப்ப எந்திரிக்கக் கூடாதும்மா. எறங்குற நேரம். பெல்ட்டைக் கழட்டினா திட்டுவாங்க. ரெண்டு நிமிஷம் பொறுத்துக்க."

அம்மா தலையாட்டினாள். அவன் சொன்னதை நம்பித்தான் ஆட்டினாள்.

தள்ளுவண்டி வந்தது. பணிப்பெண் பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் வாங்கித் தன் பலகையில் வைத்தான். இறங்கப்போகிற நேரத்தில் எதற்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. வாட்சைப் பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி பார்த்தான்.

"என்ன தம்பி, வாட்சையே முறைச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார் கோட்டுக்காரர். "யாராவது காத்துக்கிட்டு இருக்காங்களா?"

"இல்ல சார்... பதினொன்னு பத்துக்கு எறங்கணும். மணி பன்னெண்டுக்கு மேல ஆச்சு. ரொம்ப லேட் பண்றான்."

அவர் ஒரு நிமிடம் அவன் முகத்தைப் பார்த்தார். "பதினொன்னு பத்துங்கிறது போற ஊரு மணி தம்பி. உங்க கைல ஓடுறது ஏறின ஊரு மணி. அந்த ஊரு ரெண்டரை மணி நேரம் பின்னாடி. இது நாலு மணி நேரப் பயணம். இன்னும் ஒரு ஒன்றரை மணி நேரம் இருக்கு, படுத்துத் தூங்குங்க."

கேலியாகச் சொல்லவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலத் தன்மையாகச் சொன்னார். கேலி செய்திருந்தால் மேஸ்திரிக்குக் கோபமாவது வந்திருக்கும்.

"தெரியும் சார், தெரியும்" என்றான். காது மடல் சுட்டது. 'ஸ்டியரிங்கைப் புடிங்க' என்று மாமாவிடம் சொன்னது, அவர் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனது எல்லாம் கண்முன் வந்தது. வேலை இடத்தில் கூடப் போன வாரமே போனில் அளந்திருந்தான்: எங்க ஊருக்குப் போகத்தான்டா நேரமாகும், வர ஒன்றரைதான், இறக்கம்.

அப்புறம்தான் அம்மா ஞாபகம் வந்தது. அப்புறம்தான். நினைப்பு வந்த அந்த வரிசையை அவன் பிறகு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் மாற்ற முடியவில்லை.

"அம்மா, எந்திரி. போயிட்டு வந்துடலாம்."

அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தோளைத் தொட்டதும், முகத்தைத் திருப்பாமலே, "வேணாம் தம்பி" என்றாள். "அதான் எறங்கப் போறோமே."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனைக் கீழே பார்க்க வைத்தது. மடியில் போட்டிருந்த சால்வையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். சீட்டின் சாம்பல் நிறத் துணி அவள் தொடையோரத்தில் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு அவன் சீட்டை நோக்கி ஊறி வந்துகொண்டிருந்தது. வாடையும் வரத் தொடங்கியது.

கோட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தார்.

மேஸ்திரி யோசித்து எதையும் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. பலகையிலிருந்த கப்பை எடுத்து, முழுத் தண்ணீரையும் அம்மாவின் மடியில் கவிழ்த்தான். பிறகு விமானம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்னம்மா நீ! பாத்துக் குடிக்க மாட்டியா? எல்லாத்தையும் கொட்டிட்டியே!" என்று சத்தம் போட்டான்.

தண்ணீர் சில்லென்று விழுந்ததில் அம்மாவின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. காதில் பஞ்சு. அவன் என்ன கத்துகிறான் என்று அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் மகன் தன்னைத் திட்டுகிற முகம் தெரிந்தது. வேலையிடத்தில் சட்டி சாய்ந்து கலவை கொட்டிவிட்டால் பழைய மேஸ்திரிகள் திட்டுவார்களே, அப்போது எப்படித் தலையைத் தொங்கப்போட்டு நிற்பாளோ, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பணிப்பெண் வந்தாள். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். "தண்ணி கொட்டிட்டாங்க" என்றான் மேஸ்திரி. அவள் சீட்டைப் பார்த்தாள், கப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கோட்டுக்காரரிடம் பின்னால் இடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு போர்வை கொண்டுவந்தாள். "வாங்கம்மா" என்று கையைப் பிடித்து, ஒரு போர்வையை இடுப்பில் சுற்றி, தோளோடு அணைத்து நடத்திக் கூட்டிப்போனாள். அம்மா அந்த நடைபாதையில் யாரையும் பார்க்காமல், அடி அடியாக வைத்துப் போனாள். மேஸ்திரி எழுந்திருக்கக்கூட இல்லை. வழி மட்டும் விட்டான்.

திரும்பி வந்தபோது துணியை அலசிப் பிழிந்து ஒரு பையில் போட்டுக் கையில் வைத்திருந்தாள். இடுப்பில் போர்வை. சீட்டின்மேல் மடித்துப் போட்டிருந்த போர்வைமேல் உட்கார்ந்தாள். காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்திருந்தாள்.

"ஒன்றரை மணி நேரம் கூடத் தாங்கல பாத்தியாடா" என்றாள்.

அவன் காலிக் கப்பை முன் சீட்டுப் பையில் செருகினான்.

"நாள் முழுக்க அடக்கினவளாக்கும்னு பெருமையடிச்சேன். அவ்வளவுதான், இந்த ஒடம்பு முடிஞ்சுபோச்சு. உங்கக்கா சொன்னது சரி. நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? வந்த மாதிரியே என்னைத் திருப்பி அனுப்பிடு. உன் பொண்டாட்டி கண்ணுல இது படக் கூடாது."

இப்போது சொல்லியிருக்கலாம். 'ஒன்றரை இல்லம்மா, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்' என்று நாலு வார்த்தை. பக்கத்து சீட்டு காலி. கேட்க யாரும் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அலமாரிமேல் வீசிய பையைச் சொல்ல வேண்டும். வரிசையில் தடுத்ததைச் சொல்ல வேண்டும். மடியில் கொட்டிய தண்ணீரைச் சொல்ல வேண்டும்.

"விடும்மா" என்றான். "வயசானா அப்படித்தான்."

அம்மா தலையாட்டினாள். அதையும் நம்பினாள்.

இறங்கியதும் நீளமான கூடம். எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டு வேகவேகமாக நடந்தார்கள். போர்வை சுற்றிய கிழவியை ஒவ்வொருவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேஸ்திரி இரண்டடி முன்னால் நடந்தான். இரண்டடி நாலடியானது. நாலடி பத்தடியானது. வேண்டுமென்றே வேகம் கூட்டினேன் என்று சொல்ல மாட்டான். கால் அப்படிப் போயிற்று. நகரும் தரை ஒன்று வந்தது. ஏறி நின்றான். தரையே அவனைக் கொண்டுபோயிற்று. அந்தக் கோடியில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, அம்மா இந்தக் கோடியில் ஒரு காலைத் தூக்குவதும் பின்வாங்குவதுமாக நின்றுகொண்டிருந்தாள். போர்வையை ஒரு கையில் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் ஈரப் பை. கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, அவள் முழங்கையைப் பிடித்து, பக்கத்தில் இருந்த சாதாரணத் தரை வழியாகவே நடத்திக் கூட்டி வந்தாள்.

"உங்க ஆளா?" என்று அவனிடம் கேட்டாள்.

"ம்" என்றான்.

வெளியே கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள். கைகள் இன்னும் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பக்கத்தில் சொட்டை. மேஸ்திரியிடம் வேலை பார்க்கிறவன், வேன் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். இருபத்தெட்டு வயசிலேயே மண்டை பளபளத்ததால் அந்தப் பேர். வாய்க்குப் பூட்டே கிடையாது. காலையில் ஒன்று காதில் விழுந்தால் சாயங்காலம் எல்லாச் சாரத்திலும் அது ஏறியிருக்கும்.

"வாங்க மேஸ்திரி! இறக்கம் எப்படி? பிரேக்கு கிரேக்கு புடிச்சுதா?" என்றான் சொட்டை.

மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போர்வையைப் பார்த்துவிட்டாள். "அத்தை, என்ன ஆச்சு? உடம்புக்கு என்ன?"

அம்மா அவள் நீட்டிய கையைத் தொடவில்லை. ஈரப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். விமானம் இறங்கும்போது காது அடைத்துக்கொண்டதால் குரல் பெரிதாக வந்தது.

"நான் உங்க வீட்டுக்கு வரலம்மா. கோச்சுக்காத. அடுத்த விமானத்துல என்னை ஏத்தி விட்டுடச் சொல்லு. சின்னப் புள்ள கூட ஒன்றரை மணி நேரம் இருக்கும். என்னால முடியல. எல்லார் முன்னாடியும் நனைச்சுட்டேன். நாளைக்கு உன் வீட்டுத் தரையிலயும் அதைத்தான் பண்ணுவேன்."

மனைவி மேஸ்திரியைப் பார்த்தாள். சொட்டை சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பல்லைக் காட்டியபடி நின்றான். தடுப்பு ஓரத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"ஒன்றரை இல்லம்மா" என்றான் மேஸ்திரி.

"என்ன?"

"ஒன்றரை மணி நேரம் இல்லம்மா."

"கேக்கலடா. காது அடைச்சிருக்கு. சத்தமாச் சொல்லு."

கத்தத்தான் வேண்டியிருந்தது.

"ஒன்றரை மணி நேரம் இல்ல! நாலு மணி நேரம்! நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். ஏறின ஊரு மணி வேற, எறங்குற ஊரு மணி வேற. எனக்குத் தெரியல. நீ நாலு மணி நேரம் உக்காந்திருந்தம்மா!"

கூடத்தில் எதிரொலித்தது. எங்கோ ஒருவர் சிரித்தார். சொட்டை தலை குனிந்து வேன் சாவியைப் பார்த்தான்.

அம்மாவின் உதடு அசைந்தது. "நாலா?" என்றாள். பிறகு மருமகளைப் பார்த்து, "விடியறதுக்கு முன்ன வீட்டுல போனது. அங்க வந்து வரிசையில நின்னது வேற" என்றாள்.

"அப்ப ஏழெட்டு மணி நேரம் ஆச்சே அத்தை! யாரால முடியும்? என்னால முடியாது. இந்தா நிக்கிறாரே, இவரால முடியுமா?"

அம்மாவின் கழுத்து மெல்ல நிமிர்ந்தது. குனிந்தே வந்த தோள் விரிந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பை முன்னால் வந்தது. அதைப் பார்த்ததும் மேஸ்திரிக்குப் பாதி பாரம் இறங்கியதுபோல இருந்தது. தப்பித்துவிட்டோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

அப்போதுதான் அம்மா கேட்டாள்.

"மேல இருக்கும்போதே உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லலாம். இப்போதுதான் தெரிந்தது, மணியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லலாம். அம்மா நம்புவாள். காலையிலிருந்து அவன் சொன்னது எல்லாவற்றையும் நம்பியவள்.

"தெரியும்" என்றான்.

"நான் ஒன்றரை மணி நேரம் தாங்கலன்னு புலம்பினப்பவே?"

"ம்."

"வயசானா அப்படித்தான்னு சொன்னியே."

கோபமாகக் கேட்கவில்லை. சொன்னானா இல்லையா என்று சரிபார்த்துக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

அம்மா அவனை விட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இங்க கழுவுற எடம் எங்க இருக்கு? இன்னொரு துணி என் பையில இருக்கு. மாத்திக்கிட்டு வந்துடறேன். போர்வையோட உன் வீட்டு வாசல் ஏற மாட்டேன்."

"வாங்க அத்தை. நானும் வரேன்."

"நீ வெளிய நின்னா போதும். அந்தக் கதவு எப்படிப் பூட்டுறதுன்னு மட்டும் காட்டிடு."

இரண்டு பேரும் போனார்கள். மருமகள் கை நீட்டியபோது ஈரப் பையை அம்மா அவளிடம் கொடுத்தாள். அவன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மேஸ்திரி பெட்டிகளோடு நின்றான். சொட்டை காலை மாற்றி மாற்றி வைத்தான். கம்பித் தடுப்பில் பார்வையை ஓட்டினான். தொண்டையைச் செருமினான். மேஸ்திரி காத்திருந்தான். ஏற்றம் இறக்கம் என்று ஏதாவது ஒரு நக்கலை அவன் இப்போதே அடித்துத் தொலைத்தால் தேவலை என்று இருந்தது.

"நான் போய் வண்டிய எடுத்துட்டு வரேண்ணே" என்றான் சொட்டை. வேறு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.